சீவலப்பேரி பஸ்ஸும் நான் சொன்ன ஆய்வும்

என் மேஜை மேல் ஓர் ஆய்வேடு கிடக்கிறது. பச்சை ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து, கடைசியில் நான்கு பக்க நூற்பட்டியல். அந்த நான்கு பக்கங்களின் இடது ஓரமும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நீ இருந்தவரை நம் கல்லூரியில் அப்படி ஓர் ஓரத்தை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் உன் பென்சில் டிக் குட்டியாக நின்றிருக்கும். சில வாரங்களாக இந்த வெற்று ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. உனக்கு எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நீ நூலகர், நான் வரலாற்றுத் துறை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை முதல்வரிடம் கெஞ்சி வாங்கி, முதுகலைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தினோம். தேடுவது எப்படி, கிடைத்ததை நம்பலாமா என்று பார்ப்பது எப்படி, எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது எப்படி. அட்டவணையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் அதை டிக் கிளாஸ் என்றுதான் சொன்னார்கள். நூற்பட்டியலில் எழுதிய ஒவ்வொன்றையும், புத்தகமோ நகலோ திரையோ, அந்தப் பக்கத்தை விரித்து உன் முன்னால் வைக்க வேண்டும். நீ வாசித்துப் பார்த்த பிறகுதான் டிக் விழும். எல்லா டிக்கும் விழுந்த பிறகுதான் வழிகாட்டி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். ஆய்வேடு கட்டும் மாதத்தில் உன் மேஜைக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும்.

எங்கேயோ படித்தேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "கண்ணால பாத்தியா, காதால கேட்டியா, இல்ல சும்மா வாயில வந்துட்டா?" என்று கேட்பாய். குரலை உயர்த்தவே மாட்டாய், அதுதான் பிள்ளைகளை இன்னும் நடுங்க வைக்கும். என்னை மட்டும் விட்டாயா? நான் ஒரு கருத்தரங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் மூன்று வரிகளுக்கு டிக் போடாமல் திருப்பிக் கொடுத்தாய். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே என் அறைக்கு வந்து நின்றாய். "ஏட்டி, கோவம் இருக்கட்டும். அந்த மூணு பக்கத்தையும் எடுத்துட்டு வா." அதில் ஒரு பக்கம் எனக்குக் கடைசி வரை கிடைக்கவேயில்லை என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் அந்த வரியையே அடித்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. நூலகத்தைத் திறக்கவும் பூட்டவும் ஓர் உதவியாளர் இருக்கிறார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வகுப்பு மொத்தமும் என் தலையில் விழுந்தது. பட்டியல்களை உன்னைப் போலவே பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆசை. பார்க்கவில்லை. காற்புள்ளி சரியாக இருக்கிறதா, ஆண்டு அடைப்புக்குள் இருக்கிறதா என்று மேய்ந்துவிட்டு, பார்வைக்கு நிஜமாகத் தெரிந்தால் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தை விரித்துக் காட்டு என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை.

பிறகுதான் வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்தது. பட்டியலில் பதினேழாவதாக இருந்த கட்டுரையை அவர் தேடியிருக்கிறார். அப்படி ஓர் ஆய்விதழ் உண்டு. ஆனால் சொன்ன இதழில் அந்தக் கட்டுரை இல்லை, அந்தப் பெயரில் எழுதுகிறவரும் எங்கேயும் இல்லை. "புனையப்பட்ட ஆதாரம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். குற்றம் உறுதியானால் ஆய்வேடு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் கையில் வந்துவிட்ட பி.எட். இடமும் இல்லை.

பிள்ளை பெயர் இசக்கிச்செல்வி, ஏரல்காரி. அப்பா மண்டியில் வாழைத்தார் சுமக்கிறார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். டவுன் பஸ் வந்த பிறகு தாமிரபரணிக் கரை ஊர்களில் பெண்களின் வேலை எப்படி மாறியது என்பது அவள் தலைப்பு. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வயல்வரப்பில் உட்கார்ந்து பெண்களிடம் பேசி, பக்கம் பக்கமாக எழுதி வந்தவள். அந்தப் பிள்ளையா இப்படி என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கைபேசியில் ஏஐயிடம் கேட்டதாகவும், அது கொடுத்ததை அப்படியே எழுதிவிட்டதாகவும் சொன்னாள். அதைப் போய் ஏன் கேட்டாய் என்றேன்.

"நீங்க கிளாஸ்ல சொன்னீங்கள்லா மேடம். சீவலப்பேரியில பஸ் வந்த பொறவு, காலைல பஸ் போனாத்தான் பொம்பளைய நடவுக்கு எறங்குவாவன்னு ஒரு ஆய்வு சொல்லுதுன்னு. எங்கன இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. நீங்க சொன்னா இருக்கும்லா. அதான் அதுகிட்ட கேட்டேன்."

நீங்க சொன்னா இருக்கும்லா. அதைக் கேட்ட பிறகு நான் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆய்வு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எங்கேயும் இல்லை. நூலகத்தின் பின்னறையில், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்ன பேச்சு அது. "எங்க ஊருக்குப் பஸ்ஸு வந்த பொறவு சூரியனப் பாத்து யாரு வயல்ல எறங்குனா? காலைல பஸ்ஸு போவணும், அப்புறந்தான் நடவு. எங்கம்மையே அப்படித்தான்." அது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அடுத்த நாளே வகுப்பில் சொன்னேன். என் தோழி சொன்னாள் என்றுதான் அப்போது சொன்னேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருஷம், ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வந்தது. அதற்கும் அடுத்து எப்போதோ, ஓர் ஆய்வு சொல்கிறது என்று ஆகிவிட்டது. எந்த வருஷம் மாறியது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

ஏன் மாற்றினேன் என்பது மட்டும் தெரியும். தோழி சொன்னாள் என்றால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஆய்வு சொல்கிறது என்றால் பேனாக்கள் குனியும். அது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வயல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்குக் குனிந்து நட்ட ஒருத்தியின் வாய்ச்சொல் ஒரு பாடத்துக்குப் போதாது என்று எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. உன்னோடு ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே உன்னையும் உன் அம்மாவையும் அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இசக்கிச்செல்வி எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதத்தில் என் பெயர் இல்லை. செயலியை நம்பியது என் தவறு என்று மட்டும் எழுதியிருந்தாள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, கவலைப்பட வேண்டாம், இது மாணவி செய்தது என்று ஆறுதல் சொன்னார். தட்டச்சு செய்த ஒரு தாளையும் கொடுத்தார். "மேற்கண்ட பிழை என் கவனத்துக்கு வராமல் நடந்தது" என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் என் பக்கம் முடிந்துவிடும். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. நிஜமாகவே என் கவனத்துக்கு வராமல்தானே நடந்தது?

அந்தத் தாளை நான்கு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பதவி உயர்வுக்கான கோப்பு மேலே போயிருந்த நேரம். டிக் கிளாஸ் நடத்துகிறவளே வாயில் வந்ததை ஆய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம் என்று ஆசிரியர் அறையில் சிரிக்கப்போகிறார்கள் என்று பயந்தேன். உன் பூட்டிய அறை வழியாகப் போவதைக்கூட நிறுத்திவிட்டு, மாடியைச் சுற்றிப் போனேன். நீ உள்ளே இருந்து மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பாய் என்று ஒரு பயம். சிரிக்காதே.

விசாரணைக் குழு கூடிய அன்று வராந்தாவில் இசக்கிச்செல்வி நின்றாள், பக்கத்தில் அவள் அப்பா. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எம்மா, எம்பிள்ள களவாண்டுட்டான்னு சொல்லுதாவ. உள்ளதா?"

பதில் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று நான் உள்ளே போய்விட்டேன். குழுவில் முதல்வரோடு மூன்று பேர். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் கூற்றை வகுப்பில் ஆய்வு என்று சொன்னது நான்தான், அப்படி ஓர் ஆய்வை நான் பார்த்ததே இல்லை, பிள்ளை அதற்கு ஆதாரம் தேடித்தான் இந்தக் குழியில் விழுந்தாள் என்று சொல்லி முடித்தேன். முதல்வர் என் முகத்தையே பார்க்கவில்லை. மற்ற இருவரில் மூத்தவர், அப்படியானால் இது யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் நூலகர் என்றேன். கூப்பிடச் சொன்னார். இறந்துவிட்டாள் என்று சொல்லும்போது, இது எப்படிக் காதில் விழும் என்று எனக்கே தெரிந்தது. அவள் அம்மா இருக்கிறார், சீவலப்பேரியில், என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு வாரத் தவணை கிடைத்தது. இசக்கிச்செல்வி நேரில் போய் விசாரித்து அந்தக் கூற்றை உறுதி செய்ய வேண்டும், அல்லது நீக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை, ஒரு வருஷத்துக்கு யாருக்கும் வழிகாட்டக் கூடாது என்று ஓர் உத்தரவு. பதவி உயர்வுக் கோப்பு திரும்பி வந்துவிட்டது. சரிதான் என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் பயம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. உன் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால்? செத்துப்போன தோழியின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவள் என்று ஆகிவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை நானும் இசக்கிச்செல்வியும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினோம். உன் பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் அந்த ஊருக்குப் போகவேயில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி வேறு. வழியில் இரண்டு பக்கமும் நாற்று பச்சையாக நின்றது, நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. உன் அம்மா தொலைக்காட்சியில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இப்பந்தான் வழி தெரிஞ்சிதா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

பிள்ளை கைபேசியை எடுத்து, உங்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று முறையாகக் கேட்டாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். பஸ் போன பிறகுதானே நடவுக்கு இறங்குவீர்கள், ஊரில் எல்லாரும் அப்படித்தானே, என்று நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொன்னேன். உன் அம்மா, மகளின் சிநேகிதி கேட்கிறாளே என்று, ஆமாம்மா என்று தலையாட்டத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது. இசக்கிச்செல்வி என் கையைத் தொட்டாள்.

"மேடம், நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவங்களே சொல்லட்டும்."

காது சுட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் பைய ஆரம்பித்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், கஞ்சி எப்போது, வயல் எவ்வளவு தூரம் என்று. விடியுமுன் இறங்கிவிடுவோம், வெயில் ஏறினால் நாற்று வாடிவிடும், என்றார் உன் அம்மா. பஸ் வந்த பிறகு நேரம் மாறியதா என்று அவள் கேட்டாள். "பஸ்ஸுக்கும் நடவுக்கும் என்னம்மா இருக்கு? அது பாட்டுக்குப் போவும், நாங்க பாட்டுக்கு நடுவோம்."

போச்சு. குழுவின் முன்னால் நான் சொன்னதும் பொய்யாகிவிட்டது, பிள்ளையையும் சேர்த்து இழுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் இசக்கிச்செல்வி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நானாக இருந்தால் அந்த இடைவெளியில் பேசித் தொலைத்திருப்பேன். உன் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்தார், உன் படத்தைப் பார்த்தார், பிறகு அவராகவே சொன்னார்.

"நா மட்டுந்தான் பிந்திப் போவேன். இவ காலேஜிக்குப் போன மொத வருசம். தனியாப் பஸ்ஸுல ஏற அவளுக்குப் பயம். வெளிய காட்டிக்கிட மாட்டா. ஆனா பஸ் வருத வரைக்கும் என் முந்தானையப் புடிச்சிட்டேதான் நிப்பா. எப்படி உட்டுட்டுப் போவ? ஏத்தி உட்டுட்டு நா போய்ச் சேருததுக்குள்ள எல்லாரும் பாதி வயல நட்டிருப்பாவ. வாய்க்கா ஓரத்துல முட்டளவு சகதி இருக்கும்லா, அதுதான் எனக்குக் கெடைக்கும். ஏச்சு வேற."

மகளுக்கு இது தெரியுமா என்று பிள்ளை கேட்டாள்.

"எம்மா, ஒனக்கு நேரமாவலயான்னு தெனமும் கேப்பா. நெசத்தச் சொன்னா படிப்ப நிறுத்திட்டு என் பொறத்தால வயலுக்கு வந்துருவா. இப்பம்லாம் எல்லாருமே பஸ் போன பொறவுதான் எறங்குதோம்னு சொல்லி வச்சேன். நம்பிட்டா."

நான் உன் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஓர் அம்மா மகளிடம் சொன்ன ஒரு பொய், மகள் அதை உண்மை என்று நம்பித் தோழியிடம் சொன்னாள், தோழி அதை ஆய்வாக்கினாள், கைபேசி அதற்குப் பக்க எண் கொடுத்தது. ஊரையே பக்கம் விரித்துக் காட்டச் சொன்ன நீ, இதை மட்டும் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. பெற்ற தாயிடம் யார் ஆதாரம் கேட்பார்கள்? இன்னொன்றும் என்னை உலுக்கியது. உனக்குப் பயமா? பயம் என்றால் என்னவென்று தெரியாதவள் என்று உன்னைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் நான் தைரியமாக நடந்திருக்கிறேன்.

கிளம்பும்போது உன் அம்மா வாசல் வரை வந்தார். இதையெல்லாம் எழுதப் போகிறீர்களா என்று கேட்டார். வேண்டாமென்றால் எழுத மாட்டேன் என்றாள் பிள்ளை.

"எழுது. இனும அவ படிக்கவா போறா."

அந்தக் கூற்றை இசக்கிச்செல்வி நீக்கிவிட்டாள். அதே இடத்தில், சீவலப்பேரியில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்டேன், பஸ்ஸால் மாறியது தன் ஒருத்தியின் வேலை நேரம்தான் என்று அவர் சொன்னார், காரணம் மகள், என்று உன் அம்மாவின் பெயரோடு எழுதியிருக்கிறாள். திருத்திய பிரதியைக் குழு ஏற்றுக்கொண்டது. பி.எட். இடமும் தப்பியது. அவள் அப்பா மண்டியிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டார். அதைச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை, துறையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பயம் மட்டும் மிச்சம். இருபத்திரண்டு வருஷத்துப் பாடக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆய்வு சொல்கிறது, ஆய்வு சொல்கிறது என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று பார்க்கிறேன். பாதிக்கு மேல் எங்கே படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்கள். இந்த நேரத்தில் ஏதோ ஒரு வகுப்பில் யாரோ ஒருத்தி, எங்கள் மேடம் சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்களை எங்கே போய்ப் பிடிப்பேன்? இப்போது வகுப்பில் அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வரும்போது நிறுத்திவிட்டு, இது எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறேன். சொல்லும்போது குரல் நடுங்குகிறது. பிள்ளைகள் கவனிக்கிறார்கள். கவனிக்கட்டும்.

நீ இருந்திருந்தால் இதை உன்னிடம் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் சகதியை, ஏச்சை, உன்னை ஏற்றிவிட்டு உன் அம்மா வயலை நோக்கி ஓடியதை. என் மற்ற எல்லாப் பிழைகளையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவேன், பயந்துகொண்டேயாவது திருத்துவேன். ஆனால் உன் அம்மா உன்னிடம் சொன்ன அந்த ஒன்றை, எல்லாரும் பஸ் போன பிறகுதான் இறங்கினார்கள் என்பதை, நீ கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.